பாப்பா கன்னுக்குட்டிய பேரணிக்கு எப்படி தயார் பண்றது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க தாராபுரம் பக்கம் தோட்டத்துல குடியிருக்கோம். பொண்ணு ஆறாவது படிக்கறா, 11 வயசு. எங்க காங்கேயம் மயிலைப் பசுவோட கிடாரிக் கன்னுக்கு இப்ப 7 மாசம் ஆகுது, பொறந்ததுலேருந்து அவதான் அதுக்கு தண்ணி காட்டறது சோளத்தட்டு போடறது எல்லாம். இன்னும் ரெண்டு மாசத்துல பக்கத்து ஊர்ல கால்நடை மருத்துவ முகாம் போடறாங்க, அதுல கன்னுக்குட்டிப் பேரணி வெச்சு நல்ல கன்னுக்கு பரிசு தருவாங்கன்னு கேள்விப்பட்டு நானும் கூட்டிட்டுப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அவங்கப்பா சித்திரைல கண்ணபுரம் தேரப்ப கூடற மாட்டுச் சந்தைக்கும் ஓட்டிட்டுப் போலாம், நல்ல வெலை வந்தா குடுத்தறலாம்ங்கறார், அது அவளுக்கு இன்னும் தெரியாது. பிரச்சனை என்னன்னா கயித்தப் புடிச்சு நடந்தா கன்னு அவள தரதரன்னு இழுத்துட்டு ஓடுது. முடி வேற அங்கங்க செவப்பா அங்கங்க வெள்ளையா பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. அவ யூடியூப்ல அமெரிக்கா பசங்க மாட்ட ஷாம்பூ போட்டு குளிப்பாட்டி பெரிய ஹேர் டிரையர் மாதிரி ஒண்ண வெச்சு காய வெக்கறத பாத்துட்டு அதெல்லாம் வாங்கித் தரச் சொல்றா. எங்க மாமனார் கொம்ப சீவி விடணும்ங்கறார், அதோட நெத்தியில சுழி சரியில்ல, பேரணிக்கே வேண்டாம்னும் சொல்லிட்டார், பொண்ணு அழுதுட்டா. 7 வயசுப் பையன் வேற நானும் புடிக்கறேன்ங்கறான். எதுலேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல, சொல்லுங்க.

பதில்: வணக்கம்ங்க. உங்க லெட்டர படிச்சு ரொம்ப சந்தோஷப்பட்டேன், இந்த வயசுல கன்னு பின்னாடி சுத்தற பிள்ளைங்க இப்ப நம்ம பக்கமே கொறஞ்சு போச்சு. ரெண்டு மாசம் தாராளமா போதும். ஆனா குளிப்பாட்டறது, சீவறது, மணி கட்டறது எல்லாம் பின்னாடி வெச்சுக்கலாம், முதல்ல தடுப்பூசிக்கு ஓடுங்க.

கன்னுக்கு காதுல 12 நம்பர் போட்ட மஞ்சள் வில்லை இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த நம்பர சொன்னா என்னென்ன ஊசி போட்டிருக்குன்னு கால்நடை மருந்தகத்துலயே பாத்துச் சொல்லுவாங்க. கோமாரி ஊசி நாலாவது மாசத்துல ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, அப்பறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரணும். கிடாரிக் கன்னுக்கு கருச்சிதைவு நோய் ஊசின்னு ஒண்ணு இருக்கு, ஆயுசுக்கு ஒரே தடவ, அதையும் 4 மாசத்துலேருந்து 8 மாசத்துக்குள்ளதான் போடணும். உங்க கன்னுக்கு 7 மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதனால இந்த வாரமே கேட்டுருங்க, விட்டா வயசு தாண்டிரும். தோல் கழலை நோய்க்கும் சேத்து கேளுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் போடலாமா, இடைவெளி விடணுமான்னு டாக்டர் கன்ன பாத்து சொல்லுவார். ஊசி போட்ட அன்னைக்கே எதிர்ப்பு சக்தி வந்துராதுங்க, ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால முகாமுக்கு முந்தின வாரம் போட்டுக்கலாம்னு இருக்காதீங்க. நாலு ஊரு மாடு ஒண்ணா கூடற எடம், அங்க பாதுகாப்பு இல்லாத கன்ன கொண்டு போய் நிறுத்தறதவிட வீட்லயே வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு, பாப்பாவுக்கும் ஊசிக் கணக்கு பாருங்க. பத்து வயசுல போடற டிடி ஊசி போட்டாச்சா? சாணி, மண்ணு, துருப்புடிச்ச ஆணி இதுங்களோடதான் இனி அவ பழக்கம், தனுர்வாத ஊசி இல்லாம மாடு கட்டற கட்டுத்தாரைக்குள்ள விடாதீங்க.

அடுத்து முடி. காங்கேயம் கன்னு செவலையாத்தான் பொறக்கும், ஆறு மாசம் வாக்குலதான் அந்த செவப்பு போயி சாம்பலான மயிலை நெறம் வரும்னு உங்க மாமனாருக்கே தெரியும். இப்ப அந்த மாற்றம் நடந்துட்டு இருக்கு, அதான் அங்கங்க ஒரு மாதிரி தெரியுது, அதுக்கு எந்த ஷாம்பூவும் வேண்டாம். ஆனா ஒண்ண மட்டும் பாத்துக்குங்க, கண்ண சுத்தியோ கழுத்துலயோ வட்டம் வட்டமா முடி கொட்டி சாம்பல் பூத்த மாதிரி பொறுக்கு கட்டியிருந்தா அது படர்தாமரை, அது பாப்பாவுக்கும் தொத்தும். அப்படி இருந்தா மருந்து போட்டு சரியாகற வரைக்கும் அவ கையால தேய்க்கவே கூடாது, பேரணிக்கும் போகக்கூடாது.

முடி பளபளன்னு இருக்கறது முக்காவாசி வயித்துல இருக்கற விஷயம். குடல்புழு இருக்கற கன்னுக்கு என்ன எண்ணெய் தடவினாலும் முடி சிலுத்துட்டு வறவறன்னுதான் நிக்கும், வயிறு மட்டும் பானையாட்ட தெரியும். கடைசியா எப்ப புழு மருந்து குடுத்தீங்கன்னு எழுதல. ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம், அதுக்கு மேல மூணு மாசத்துக்கு ஒருக்கான்னு வெச்சுக்குங்க. மருந்து எடைக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும், இங்கதான் பாப்பாவுக்கு முதல் வேலை. ஒரு தையல் டேப்ப எடுத்து, திமிலுக்குப் பின்னால முன்னங்கால ஒட்டி நெஞ்சு சுத்தளவு எத்தன இஞ்சுன்னு பாக்கச் சொல்லுங்க. அப்பறம் முன்தோள் எலும்பு முனையிலேருந்து வாலடியில துருத்திட்டு இருக்கற எலும்பு வரைக்கும் நீளம் எத்தன இஞ்சு. சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வந்துரும். சுத்தளவு 39, நீளம் 35ன்னு வெச்சுக்குங்க, கிட்டத்தட்ட 80 கிலோ. தராசு எடை அளவுக்கு துல்லியம் இல்ல, ஆனா மருந்து அளவுக்கும் வளர்ச்சி பாக்கறதுக்கும் போதும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அளந்து ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதட்டும், அதே நோட்டுல ஊசி தேதி, மருந்து பேரு, என்ன தீவனம் எவ்வளவு போட்டான்னு எல்லாம் வரட்டும். பேரணில நிக்கறப்ப டாக்டர் கன்னுக்கு என்ன வயசு, எப்ப புழு மருந்து குடுத்தீங்கன்னு கேட்டா அவளே பதில் சொல்லுவா. நான் பேரணிக்கு மார்க் போட உக்காந்த எடத்துல எல்லாம் அப்பாக்காரர் பதில் சொல்ற கன்னவிட பிள்ளை பதில் சொல்ற கன்ன கூட ரெண்டு நிமிஷம் நின்னு பாத்திருக்கேன்.

உண்ணி இருக்கான்னு காதுக்குள்ள, கழுத்துக்கு அடியில தொங்கற அலைதாடி மடிப்புல, வாலடியில, தொடை இடுக்குல பாருங்க. உண்ணி மருந்து கலக்கறது தெளிக்கறது பெரியவங்க வேலை, அவ இஸ்கூலுக்குப் போனப்பறம் பண்ணுங்க, அன்னைக்கு முழுசா கன்ன அவ தொட வேண்டாம். தீவனத்துல புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க. வேலி போட்ட மேய்ச்சல் காடு, அதான் கொறங்காடு, இருந்தா கொழுக்கட்டைப் புல்லுல காலைல மேயட்டும், வெள்வேலங்காய் விழற சமயம்னா அதையும் பொறுக்கித் தின்னும், வீட்ல சோளத்தட்டு, கொஞ்சம் புண்ணாக்கு தவிடு, தாது உப்பு, நாள் பூரா நல்ல தண்ணி. ரெண்டு மாசத்துல கொழுக்க வெக்கணும்னு கலப்புத் தீவனத்த அள்ளிக் கொட்டாதீங்க, கால் வீங்கும், வயிறு கெடும்.

அமெரிக்கா வீடியோ பத்தி சொல்றேன். அங்க ஃபோர் எச்னு ஒரு பிள்ளைங்க அமைப்பு இருக்கு, 1902ல ஒஹையோவுல ஒரு இஸ்கூல் சூப்ரண்டு ஆரம்பிச்ச பசங்க சங்கத்துலேருந்து வளந்தது. அந்தப் பிள்ளைங்க வளக்கற கறி மாட்டுக்கு குளிர் தேசத்து அடர்த்தியான முடி, அத ஊதி ஊதி தூக்கி நிறுத்தி, கால்ல ஒட்டற ஸ்ப்ரே அடிச்சு, கத்தரிச்சு உருவம் கொண்டு வருவாங்க. நம்ம மாட்டுக்கு தோலோட படிஞ்ச குட்டை முடி, வெயில தாங்கறதுக்காக அப்படி இருக்கு, அதுல ஊதறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மெஷின் போடற சத்தத்துல நீங்க ரெண்டு மாசம் பழக்கினதெல்லாம் ஒரு நாள்ல போயிரும். வாங்காதீங்க. ஆனா அந்த வீடியோவுல பாப்பா பாக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அங்க மாட்டுக்கு தனியா மார்க், மாட்ட புடிச்சு நிக்கற பிள்ளைக்கு தனியா ஒரு போட்டி. அந்தப் போட்டில மாடு சுமாரா இருந்தாலும் பரவால்ல, அந்தப் பிள்ளை எப்படி நடத்துது, மாடு மொரண்டு புடிச்சா எப்படி சமாளிக்குது, கேட்ட கேள்விக்கு தன் மாட்டப் பத்தி என்ன சொல்லுதுன்னுதான் பாப்பாங்க. நம்ம பேரணில அப்படி ஒரு போட்டி கெடையாது, வெச்சா எவ்வளவோ நல்லா இருக்கும்னு நான் சொல்லிட்டே இருக்கேன். நீங்க வீட்டளவுல அந்தக் கண்ணோட பாருங்க. பரிசு வருதோ இல்லையோ அந்தக் கன்னு அவ கையில அமைதியா நிக்கணும், அதுக்குத்தான் இந்த ரெண்டு மாசமும்.

இழுத்துட்டு ஓடறதுக்கு வருவோம். 80 கிலோ கன்ன 11 வயசுப் பிள்ளை பலத்தால நிறுத்த முடியாதுங்க, உங்க வீட்டுக்காரரே முட்டி மோதித்தான் நிறுத்துவார். அதனால பலத்த மறந்துருங்க.

முதல் ஒரு வாரம் கயித்த புடிச்சு நடக்கவே வேண்டாம். காலைலயும் சாயந்தரமும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் பக்கத்துல போயி நிக்கட்டும், பேசிட்டே கழுத்துக்கு அடியில, அலைதாடியில, திமில் ஓரத்துல, வாலடியில சொறிஞ்சு விடட்டும். மாடுங்க ஒண்ண ஒண்ணு நக்கிக்கறது இந்த எடத்துலதான், கன்னு கழுத்த நீட்டிக் குடுக்கும் பாருங்க, கண்ணு சொக்கும். நெத்தியில மட்டும் கை வெச்சு தள்ளி வெளையாட விடாதீங்க, எல்லாப் பிள்ளைங்களும் அதத்தான் செய்யும், கன்னும் சந்தோஷமா திருப்பி முட்டும், ஆனா அதே கன்னு ரெண்டு வருஷம் கழிச்சு கொம்போட வந்து முட்டறப்ப அதுக்கு வெளையாட்டுன்னுதான் தோணும். எப்பவும் தோளுக்கு நேரா பக்கவாட்டுல போகணும். மாட்டுக்கு கண்ணு பக்கவாட்டுல இருக்கறதால சுத்தி கிட்டத்தட்ட எல்லாமே தெரியும், சரியா பின்னாடி மட்டும் தெரியாது, அங்க திடீர்னு ஆள் வந்தா ஒதைக்கும். பின்னாடி போயே ஆகணும்னா கொரல் குடுத்துட்டு, கைய முதுகு மேல ஓட்டிட்டே போகணும்.

ரெண்டாவது வாரம் தலைக்கயிறு. நைலான் வேண்டாம், தோல அறுத்துரும், பிள்ளை கையையும் அறுத்துரும், பருத்திக் கயிறு வாங்குங்க. காதுக்குப் பின்னால ஒரு சுத்து, மூக்குத்தண்டு மேல ஒரு சுத்து, அந்த மூக்குச் சுத்து எலும்பு இருக்கற எடத்துல ஒக்காரணும், கீழ மெதுவான எடத்துக்கு எறங்கினா மூச்சு முட்டும். இந்தப் போட்டிக்காக இப்பவே மூக்கு குத்திராதீங்க, மூக்கணாங்கயித்துக்கு இன்னும் வயசு இருக்கு. தலைக்கயிறு போட்டு ஒரு கெட்டியான கம்பத்துல, கன்னோட தோள் உயரத்துல, ஒரு இழுப்புல அவுந்துக்கற முடிச்சா போட்டு பதினஞ்சு நிமிஷம் கட்டுங்க, பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும். கன்னு இழுக்கும், பின்னுக்கு ஒக்காரும், அப்பறம் இழுத்தா இறுகுது முன்னுக்கு வந்தா தளருதுன்னு அதுவே கண்டுபுடிச்சுக்கும். அது கண்டுபுடிக்கறதுக்குள்ள பாவம்னு போயி அவுத்து விட்டீங்கன்னா இழுத்தா விட்டுருவாங்கன்னு வேற பாடம் படிச்சுரும்.

நடக்க ஆரம்பிக்கறப்ப கன்னு எங்க போக ஆசப்படுமோ அந்தப் பக்கமே முதல்ல நடத்துங்க, கட்டுத்தாரைலேருந்து தண்ணித் தொட்டிக்கு, தொட்டிலேருந்து அம்மாகிட்ட. பாப்பா கன்னோட தோளுக்கு பக்கத்துல நடக்கணும், முன்னால போயி இழுக்கக் கூடாது. கன்னு நின்னுருச்சுன்னா கயித்த லேசா இறுக்கிப் புடிச்சுட்டு அப்படியே காத்திருக்கணும், நேரா இழுத்தா நாலு காலையும் ஊன்றும், கொஞ்சம் பக்கமா தலையத் திருப்பினா ஒரு கால எடுத்து வெச்சுத்தான் ஆகணும். அந்த ஒரு காலு எடுத்து வெச்ச ஒடனே, ஒடனேன்னா அந்த நொடியே, கயித்த தளத்தணும். எல்லாமே இதுலதான் இருக்குங்க. நடந்தா தளரும்னு புரிஞ்ச கன்னு பத்து நாள்ல பின்னாடியே வரும். நடந்தப்பறமும் இறுக்கிப் புடிச்சுட்டே இருந்தா எதுக்கு நடக்கணும்னு அதுக்கு தோணும். ஓடப் பாக்கற கன்னுக்கும் இதேதான், தலைய தன் பக்கமா திருப்பினா வட்டமாத்தான் சுத்த முடியும், நின்ன ஒடனே தளத்து. முதல் ரெண்டு வாரம் அவங்கப்பா இன்னொரு கயித்த மறுபக்கம் புடிச்சுக்கட்டும், ஆனா அவசியம் வந்தா மட்டும்தான் அவர் இழுக்கணும். பின்னாடி ஆள் நின்னு வால முறுக்கறது, குச்சியால தட்டறது வேண்டவே வேண்டாம், கிளுவை வேலி போட்ட காட்டுக்குள்ள பழக்குங்க, ரோட்டுக்கு அப்பறம் வரலாம்.

இப்ப நான் சொல்றத பாப்பாவ ஒக்கார வெச்சு நீங்க சொல்லணும், ஒரு தடவ சொன்னா போதாது. கயித்த கையில சுத்திக்கவே கூடாது. இடுப்புல கட்டிக்கக் கூடாது. மடக்கி மடக்கி கையில புடிக்கணும், விட்டா அவுந்து ஓடணும். கன்னு மெரண்டு ஓடுச்சுன்னா கயித்த விட்டுரு, கன்னு எங்கயும் போகாது, நாங்க புடிச்சுக்கறோம், உன்ன யாரும் திட்ட மாட்டோம்னு அவளுக்கு மனசுல பதியற மாதிரி சொல்லுங்க. கயித்த விடாம புடிச்சுட்டு இழுபட்டு அடிபட்ட பிள்ளைங்க நெறைய, எல்லாம் வீட்ல திட்டுவாங்களேன்னு பயந்து விடாம இருந்த பிள்ளைங்கதான். செருப்போட வேண்டாம், கால மூடின ஷூ போடட்டும், இஸ்கூல் ஷூ பழசு இருந்தா அதுவே போதும். துப்பட்டா, தொங்கற ஷால் கூடாது, முடிய கட்டிக்கணும். செவப்பு டிரஸ் போட்டா மாடு முட்டும்னு யாராச்சும் சொல்லுவாங்க, மாட்டுக்கு செவப்பு நம்மள மாதிரி தெரியாது, படபடன்னு ஆடற துணிதான் அத மெரட்டும்.

சின்னவனுக்கு 7 வயசு. ஃபோர் எச்லயே எட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்கள பெரிய மாட்டோட போட்டிக்கு விடறதில்ல. அவன் கயித்த புடிக்க வேண்டாம், ஆனா ஒதுக்கி வெச்சா திருட்டுத்தனமா போயி புடிப்பான், அதனால அவனுக்கும் வேலை குடுங்க. பிரஷ் கழுவி வெக்கறது, நோட்டுல அக்கா சொல்ற அளவ எழுதறது, கன்னு கட்டியிருக்கறப்ப நீங்க பக்கத்துல நின்னு அவன் கழுத்துல தேச்சு விடறது.

நடக்கப் பழகினதும் நிக்கப் பழக்கணும், இது நடக்கறதவிட கஷ்டம். பேரணில டாக்டர் வந்து கண்ண பாப்பார், வாய தெறந்து பல்லு பாப்பார், தொப்புள் தொட்டுப் பாப்பார், காலத் தூக்குவார். தெனமும் தேச்சு விடறப்பவே இதெல்லாம் தொட்டுத் தொட்டு பழக்கிட்டா அன்னைக்கு துள்ளாது. வீட்டுக்கு வர்ற ஒறவுக்காரங்க, பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க எல்லாரும் ஒருதடவ தொட்டுட்டுப் போகட்டும். அப்பறம் சத்தம். முகாம்ல மைக் செட் இருக்கும், கண்ணபுரத்துல கேக்கவே வேண்டாம், மேளம் உருமி பைக்கு எல்லாம். போன்ல மேளச் சத்தத்த தூரத்துலேருந்து மெதுவா போட்டு, கன்னு தீவனம் தின்னுட்டு இருக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வாங்க.

குளிப்பாட்டறது வாரம் ஒருக்கா போதும். வெயில் ஏறினப்பறம், மத்தியானத்துக்குள்ள முடிச்சு சாயந்தரத்துக்குள்ள நல்லா காஞ்சிரணும். துணி சோப்பு, சோப்பு பவுடர் போடாதீங்க, தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை போயி முடி வெளுத்து வறண்டுரும். அரப்பு இருக்கறப்ப நமக்கு வேற எதுக்குங்க? அரப்ப கரச்சு தேச்சு, வைக்கோல் பிரியால மெதுவா தேச்சு அலசி விட்டா போதும். காலுலேருந்து ஆரம்பிச்சு மேல வரணும், திடீர்னு முதுகுல ஊத்தினா துள்ளும். காதுக்குள்ள தண்ணி போகக்கூடாது, மொகத்துக்கு ஈரத்துணி. மத்த நாளெல்லாம் தேங்காய் நார் பிரஷ்ஷால முடி போற பக்கமாவே தெனம் அஞ்சு நிமிஷம் தேச்சு விடறதுல வர்ற மினுமினுப்பு ஒரு நாள் குளியல்ல வராது. வால் குஞ்சத்த சிக்கெடுத்து சீவி விடச் சொல்லுங்க, பெண் பிள்ளைங்களுக்கு அந்த வேலை ரொம்பப் புடிக்கும். எண்ணெய் முதல் நாள் ராத்திரி கொம்புலயும் குளம்புலயும் துளி தடவினா போதும், ஒடம்பெல்லாம் பூசினா வெயில்ல புழுதி அப்பிக்கும், சூடும் ஏறும்.

கொம்பு சீவறது வேண்டாம்னு உங்க மாமனார்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. பெரிய காளைக்கு, எருதுக்கு மாட்டுத்தாவணில சீவி மெருகேத்தி விடறது வழக்கம்தான், ஆனா ஏழு மாசக் கன்னுக்கு இருக்கறதே சின்னக் கொம்பு, மேல் ஓட்டுக்கு அடியிலயே ரத்தமும் நரம்பும் இருக்கு, அரத்தப் போட்டா வலிக்கும். ரெண்டு மாசமா பாப்பாவ நம்பி தலையக் குடுக்கப் பழகின கன்னு அதுக்கப்பறம் தலையத் தொடவே விடாது. பெயிண்டும் வேண்டாம். குளம்பு ரொம்ப வளந்திருந்தா மட்டும், அதுவும் ரெண்டு மூணு வாரம் முன்னாடியே, பழக்கப்பட்ட ஆள வெச்சு சரி பண்ணுங்க, கடைசி நாள்ல வெட்டி நொண்ட விடாதீங்க.

சுழி விஷயத்துல எனக்கு கொஞ்சம் வருத்தமா இருக்கு. முடி ஒரு எடத்துலேருந்து சுத்தி வளர்றதுதான் சுழி, பெரும்பாலான மாட்டுக்கு நெத்தியில இருக்கும், ஒண்ணுக்கு மேல, ஒண்ணுக்கு கீழ, சிலதுக்கு ரெண்டு. அதுக்கும் பாலுக்கும் ஈத்துக்கும் குடும்பத்துல நடக்கற நல்லது கெட்டதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லீங்க. சந்தைல சுழி பாத்து வெலை கொறைக்கறாங்க, அது உண்மை, பெரியவர் அந்த அனுபவத்துல சொல்லியிருப்பார். ஆனா மருத்துவ முகாம் பேரணில நாங்க சுழி பாக்கறதில்ல. வயசுக்கேத்த வளர்ச்சி, தோல், கண்ணு, காலு, புழு உண்ணி இல்லாம வெச்சிருக்காங்களா, இதத்தான் பாப்போம். இத நீங்க சொல்றதவிட பெரியவரையே ஒரு வேலைக்கு கூப்புட்டு விடுங்க. காங்கேயம் மாட்டுக்கு திமில் எப்படி இருக்கணும், கொம்பு எந்தப் பக்கம் வளையணும், மயிலை காரி செவலைன்னு நெறம் எப்படி பிரிக்கறது, காங்கேயம் மாடு வளத்த பழையகோட்டை பட்டக்காரர் மாடுங்க எப்படி இருந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சத பேத்திக்கு சொல்லிக் குடுக்கட்டும். அவர் சொல்லித் தர்றது எங்கயும் படிச்சு வராது, அவ நோட்டுல அதுவும் ஏறட்டும்.

விக்கற விஷயம். அவகிட்ட இப்பவே சொல்லிருங்க. தேருக்கு ஓட்டிட்டுப் போயி அங்க ஒருத்தர் வந்து துண்டுக்குள்ள கை போட்டு வெலை பேசி முடிச்சு கயித்த மாத்தறப்பதான் அவளுக்குத் தெரியணும்னா, அதுக்கப்பறம் அந்தப் பிள்ளை இன்னொரு கன்ன இப்படி வளக்காது, உங்கள நம்பவும் செய்யாது. அமெரிக்கால பிள்ளைங்க விக்கறதுக்குன்னே வளக்கற மாடு உண்டு, ஏலத்துல அழுகாத பிள்ளை கொறவு, ஆனா வாங்கற அன்னைக்கே இது விக்கற மாடுன்னு அதுங்களுக்குத் தெரியும், செலவு வரவு எல்லாம் அதுங்களேதான் எழுதுது. வீட்டு நெலமை என்னன்னு எனக்குத் தெரியாது, காசு தேவைன்னா விக்கறதுல தப்பில்ல, விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது புரியும். உங்க வீட்டுக்காரர் மூணுல ஒண்ணு முடிவு பண்ணிட்டு அவகிட்ட ஒக்காந்து பேசட்டும்: விக்கறதுன்னா விக்கறது, அப்ப அதுல ஒரு பங்கு அவ பேர்ல போடணும். இல்ல, இது கிடாரிதானே, தாயாகற வரைக்கும் வெச்சுக்கலாம்னா அதையும் உறுதியா சொல்லணும். இன்னும் முடிவு பண்ணலன்னா கண்ணபுரத்துக்கு இந்த வருஷம் ஓட்டிட்டே போகாதீங்க, முகாம் பேரணியோட நிறுத்திக்குங்க. எனக்குக் கேட்டா மூணாவதுதான் சொல்லுவேன், முதல் தடவ வெளிய போற கன்னுக்கும் பிள்ளைக்கும் பத்தாயிரம் பேர் கூட்டம் தேவையில்ல, முகாமே போதும்.

போற அன்னைக்கு நடந்து போற தூரம்னா விடிகாலைல நடத்தியே போயிருங்க. குட்டியானைல ஏத்தறதா இருந்தா முன்னாடியே ரெண்டு தடவ சும்மா ஏத்தி எறக்கிப் பழக்குங்க, ஒரு மேட்ட ஒட்டி வண்டிய நிறுத்தினா அதுவே ஏறும், அடில வைக்கோல் கனமா பரப்புங்க, வழுக்கி ஒரு தடவ விழுந்த கன்னு அடுத்த தடவ ஏறாது. சொந்த வாளி, வீட்டுச் சோளத்தட்டு எடுத்துட்டுப் போங்க, அங்க இருக்கற பொதுத் தொட்டியில தண்ணி காட்டாதீங்க. முக்கியமா ஒண்ணு, வேடிக்கை பாக்க வர்றவங்க பாசத்துல சோறு, பொங்கல், வாழைப்பழம், பொரின்னு ஊட்டுவாங்க. அரிசிச் சோறு அதிகமா போனா வயித்துல அமிலம் ஏறி கன்னு படுத்துரும், பொங்கல் முடிஞ்ச மறுநாள் எங்களுக்கு வர்ற போன் பாதி இதுக்குத்தான். வேண்டாம்ங்கன்னு தைரியமா சொல்லறதுக்கு பாப்பாவுக்கு இப்பவே சொல்லி வெய்யுங்க, அன்னைக்கு கன்னுக்கு அவதான் பொறுப்பு. வயிறு ரொம்பித் தெரியணும்னு உப்புத்தண்ணி குடுத்து தண்ணி குடிக்க வெக்கற வேலையெல்லாம் யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. கூட்டத்துல நீங்களோ அப்பாவோ ரெண்டடி தள்ளி நில்லுங்க, ஆபத்து வந்தா ஒழிய கயித்தத் தொடாதீங்க.

திரும்பி வந்ததும் கன்ன நேரா மத்த மாட்டோட கட்டிராதீங்க. மூணு வாரம் தனியா, தனித் தொட்டி, கடைசியா அதுக்கு தீவனம் போடுங்க. கோமாரி ஒடம்புல பூந்து வெளிய தெரிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். எச்சில் ஒழுகறது, நொண்டறது, தோல்ல கட்டி கட்டியா வீங்கறது, தட்டு தின்னாம நிக்கறது, இதுல எது தெரிஞ்சாலும் அன்னைக்கே மருந்தகத்துக்கு சொல்லுங்க. முகாம்ல போட்டுட்டுப் போன ஷூவ கழுவி வெயில்ல காய வெச்சப்பறம்தான் அவ கட்டுத்தாரைக்குள்ள மறுபடி போகணும், கையும் சோப்பு போட்டு கழுவணும். தாய்ப்பசுவுக்கும் கோமாரி ஊசி தேதி எப்பன்னு பாத்துக்குங்க, கன்னு வெளிய போயிட்டு வர்றதுக்கு முன்னாடி அதுக்கும் போட்டிருக்கணும்.